மூவாயிரத்து நானூறு இருக்கைகளுக்குள் ஒரு தேசிய இறுதிப்போட்டி: அவமதிப்பா, அருமையா?

கேள்வி: டொரண்டோ வாசகர், 17 மார்ச் 2025, திங்கள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் ஃப்ரோசன் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகளின் அரையிறுதியும் இறுதியும், இந்த வார இறுதியில் மினியாபொலிஸ் ரிடர் அரங்கில் நடக்கிறது. அந்த அரங்கில் ஏறத்தாழ 3,400 பேர் மட்டுமே அமர முடியும். சென்ற ஏப்ரலில் மாண்ட்ரியால் பெல் சென்டரில் எங்கள் டொரண்டோ தொழில்முறை அணி ஆடியபோது 21,105 பேர் வந்தார்கள். நேற்று டெட்ராய்ட்டில் 14,288 பேர். அடுத்த மாதம் ஆண்கள் கல்லூரி இறுதி செயின்ட் லூயிஸில், என்ஹெச்எல் என்ற ஆண்கள் தொழில்முறைக் கூட்டமைப்பின் அணி ஆடும் அரங்கில் நடக்கப் போகிறது. பெண்களுக்கு மட்டும் ஒரு வளாக அரங்கு என்பது அப்பட்டமான அவமதிப்பு என்கிறேன். அக்கா, நீங்கள் இந்த வார இறுதிக்குத் தவறாமல் போகிறவர். மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

17 மார்ச், இரவு

இருக்கிறது, தம்பி. ஆனால் முழுவதையும் மறுக்க மாட்டேன்.

முதலில் ரிடர் அரங்கைப் பற்றி. அது ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரத்தில் பெண்களுக்குத் திறந்துவிடும் இடம் அன்று. 2002-இல் திறக்கப்பட்ட அது, கல்லூரிப் பெண்கள் ஹாக்கிக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதல் அரங்கு. பத்தாயிரம் பேர் அமரக்கூடிய, ஆண்கள் அணி ஆடும் மரியூச்சி அரங்கு அதை ஒட்டியே நிற்கிறது. 2001-இல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்திய முதல் பெண்கள் இறுதிப்போட்டியும் 2006-இன் இறுதிப்போட்டியும் அந்தப் பெரிய அரங்கில்தான் நடந்தன. ஆகவே பெரிய இடம் பெண்களுக்குக் கிடைத்ததே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. கிடைத்தது, பிறகு பக்கத்துக் கட்டடத்துக்கு அவர்களாகவே வந்தார்கள்.

நான் விஸ்கான்சின் அணியின் ஆள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் எங்கள் ஊரான மேடிசனின் கோல் சென்டரில் 15,359 பேர் கூடிய பெண்கள் ஆட்டத்தில் நானும் இருந்தேன். பெருமையாக இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கூட்டம் ஒரு நாள் திருவிழாவுக்காக, பல மாதங்களாக ஊர் முழுக்க அழைத்துச் சேர்த்த கூட்டம். எங்கள் அணி வழக்கமாக ஆடும் லபான் அரங்கிலோ இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். அங்கே பக் என்னும் ரப்பர் வட்டு ஓரப் பலகையில் மோதும் ஓசையும், தடுப்பாட்டக்காரி தன் கோல்கீப்பரிடம் கத்தும் ஓசையும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். இந்த ஆட்டத்தில் உடலால் மோதித் தள்ளுவதற்கு ஆண்கள் ஆட்டத்தைப் போல அனுமதி இல்லை என்பதால், பக்கைக் கடத்தும் கோணங்களும், சறுக்கிக்கொண்டே திசை மாற்றும் கால்களும்தான் இதன் உயிர். அவற்றைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

18 மார்ச், செவ்வாய்

நேற்று எழுதியதை மறுபடியும் படித்தேன். அரங்கின் அளவைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் காரணத்தைத் தொடவே இல்லை.

நாட்காட்டியைப் பாருங்கள். கால் இறுதி ஆட்டங்கள் மார்ச் 15 சனிக்கிழமை முடிந்தன. அரையிறுதி மார்ச் 21 வெள்ளிக்கிழமை. எந்த நான்கு அணிகள் என்று தெரிந்த பிறகு ஒரு ரசிகருக்கு விடுப்பு கேட்கவும், விமானச் சீட்டு எடுக்கவும், தங்கும் அறை பிடிக்கவும் கிடைப்பது ஆறு நாள். அதிலும் முதல் நாள் ஞாயிறு. கார்னெல் அணியின் ரசிகர் நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் இத்தகாவிலிருந்து மினியாபொலிஸ் வர வேண்டும். கடைசி நேர விமானக் கட்டணம் எவ்வளவு இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆண்களுக்கோ மண்டலச் சுற்று மார்ச் 30-இல் முடிந்து, அரையிறுதி ஏப்ரல் 10-இல்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய இரட்டிப்பு அவகாசம்.

அவமதிப்பு என்ற சொல்லை வைத்தே தீர வேண்டும் என்றால், அதை அரங்கின் மேல் வைக்காமல் இந்த ஆறு நாளின் மேல் வையுங்கள்.

18 மார்ச், பின்னிரவு

முதல் முறை வருவதாகச் சொன்ன இரண்டு பேருக்காக: கைப்பை ஒளி ஊடுருவும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். கார் நிறுத்துமிடத்தைத் தேடி அலையாமல் பச்சைத் தட ரயிலில் ஸ்டேடியம் வில்லேஜ் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். மார்ச் முடியப் போகிறதே என்று மெல்லிய மேலங்கியோடு வராதீர்கள். மின்னசோட்டாவில் மார்ச் மாதம் என்பது பிப்ரவரியின் நீட்சி; தவிர, உள்ளே போனாலும் நீங்கள் உட்காரப் போவது பனித்தளத்தின் ஓரத்தில்.

19 மார்ச், புதன்

"வளாக அரங்கில் வைத்தால் அந்த ஊர் அணிதான் எப்போதும் ஜெயிக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எப்போதும் என்பது சரியில்லை. டுலூத் அணி 2003-லும் 2008-லும் சொந்த ஊரில் கோப்பையை வென்றது உண்மை. அதில் 2003-இன் இறுதி ஹார்வர்டுக்கு எதிராக இரண்டாவது கூடுதல் நேரம் வரைக்கும் போய் 4-3 என்று முடிந்தது. ரிடரைச் சொந்த அரங்காகக் கொண்ட மின்னசோட்டா 2013-லும் 2015-லும் அதே ரிடரில் வென்றது. 2013-இல் 41 ஆட்டங்கள் ஆடி 41-ஐயும் வென்ற அந்தப் புகழ்பெற்ற பருவம். ஆனால் 2006-இல் தன் ஊரில் நடந்த இறுதியில் அதே மின்னசோட்டா எங்களிடம் 3-0 என்று தோற்றது. 2010-இல் ரிடரிலேயே அரையிறுதியில் டுலூத்திடம் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் டுலூத்தும் கார்னெலும் மூன்றாவது கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம் வரைக்கும் ஆடின. கிட்டத்தட்ட இரண்டு முழு ஆட்டங்களை ஒரே மூச்சில் பார்த்த கூட்டம் அது.

2018-ஐயும் நினைவூட்ட வேண்டும். அன்றும் ரிடர்தான், ஆனால் மின்னசோட்டா நான்கில் ஒன்றாக வரவே இல்லை. இரண்டு அரையிறுதிகளும் இறுதியும், ஆக மூன்று ஆட்டங்களுமே கூடுதல் நேரத்துக்குப் போயின. கோல்கேட்டிடம் நாங்கள் இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றோம். கிளார்க்சன் கோல்கேட்டை 2-1 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. மின்னசோட்டாவில் பெண்கள் ஹாக்கி என்பது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மாணவியர் ஹாக்கியைப் பள்ளி விளையாட்டாக முதலில் ஏற்ற மாநிலம் அது. சொந்த அணி இல்லாவிட்டாலும் ஆட்டத்துக்காகவே வந்து உட்காரும் கூட்டம் அங்கே உண்டு. வேறு எந்த ஊரைப் பற்றியும் இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியாது, மேடிசனைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

19 மார்ச், மாலை

இல்லை, என்னிடம் உபரிச் சீட்டு இல்லை. தயவுசெய்து தனிச்செய்தியில் கேட்பதை நிறுத்துங்கள்.

21 மார்ச், வெள்ளி, நள்ளிரவுக்குப் பின்

ஒஹாயோ ஸ்டேட் 4, கார்னெல் 2. விஸ்கான்சின் 6, மின்னசோட்டா 2.

முதல் ஆட்டத்தில், எதிரணி வீராங்கனைகளின் பெயர்களை வாசிக்கும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும் தங்கள் ஊர்ப் பழக்கத்தைக் கார்னெல் மாணவர்கள் சிலர் இங்கேயும் செய்து பார்த்தார்கள். முந்நூறு பேர் செய்தால் அது கேலி. நான்கு பேர் செய்தால் உண்மையிலேயே செய்தி படிப்பது போலத்தான் இருக்கிறது. அந்த ஆறு நாள் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அரங்கின் பெரும்பகுதி மின்னசோட்டாவின் அரக்கு நிறமாக இருந்தது. நாங்கள் ஒரு மூலையில் சிவப்பாக ஒதுங்கியிருந்தோம். எங்கள் ஒவ்வொரு கோலுக்கும் பிறகு எழுந்த அந்த மௌனம் எனக்கு இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கடைசிப் பகுதியில் எங்கள் மாணவர்கள் எதிரணிக் கோல்கீப்பரைப் பார்த்து, சல்லடை என்றும் எல்லாம் உன்னால்தான் என்றும் வழக்கமான கூச்சலைப் போட்டார்கள். ஆறாவது கோலுக்குப் பிறகு அது கொஞ்சம் கொடுமையாகப்பட்டது. நானும் சேர்ந்து கத்தினேன்.

வெளியே வரும் வழியில், மேல் நடைவழியின் கம்பியைப் பிடித்தபடி அரக்குச் சட்டையில் ஒரு பெரியவர் தன் பேத்தியிடம், ஞாயிற்றுக்கிழமையும் வரத்தான் போகிறோம், சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று விளக்கிக்கொண்டிருந்தார். பேத்தி அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டாகச் சீட்டு வாங்கியவர்களின் சிக்கல் இது: வெள்ளிக்கிழமை இரவே பாதி அரங்குக்கு ஞாயிறு தேவையற்றதாகிவிடுகிறது.

22 மார்ச், சனி

ஆட்டம் இல்லாத நாள். ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பாட்டி (Patty) காஸ்மெயர் விருது கேசி ஓ'பிரையனுக்கு. இந்தப் பருவத்தில் கோலும் கோலுக்கான உதவியுமாக 88 புள்ளி எடுத்தவருக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவது? இறுதிப் பட்டியலின் மூன்று பேருமே, ஓ'பிரையன், லைலா எட்வர்ட்ஸ், கரோலின் ஹார்வி, எங்கள் அணிதான். ஆகவே யார் வென்றாலும் கைதட்டத் தயாராக, பதற்றமே இல்லாமல் ஒரு விருது விழாவைப் பின்தொடர்ந்த அனுபவம் முதல் முறையாக வாய்த்தது.

விருதுக்குப் பெயர் தந்தவரைப் பற்றி ஒரு வரி, பலருக்குத் தெரியாது என்பதால். பாட்டி காஸ்மெயர் பிரின்ஸ்டனுக்காக ஆடியவர். அரிய இரத்த நோயால் 1990-இல் 28 வயதில் இறந்தார். விருது 1998 முதல் வழங்கப்படுகிறது, அதாவது என்சிஏஏ தன் பெண்கள் தொடரைத் தொடங்குவதற்கும் முன்பிருந்தே.

இந்த வார இறுதியின் குறை என்று நான் நினைப்பது சனிக்கிழமைதான். நான்கு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஊருக்குள் சும்மா சுற்றுகிறோம். சிறுமியர் அணிகளுக்கு ஒரு போட்டியோ, பழைய வீராங்கனைகளின் காட்சி ஆட்டமோ இந்த நாளில் வைத்தால், அரையிறுதியில் தோற்ற அணியின் ரசிகர் அன்றிரவே கிளம்பாமல் தங்குவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். பெரிய அரங்கு கேட்பவர்கள் இதையும் கேட்கலாம், செலவு குறைவு.

23 மார்ச், ஞாயிறு, இரவு

விஸ்கான்சின் 4, ஒஹாயோ ஸ்டேட் 3, கூடுதல் நேரத்தில். குரல் போய்விட்டது. தட்டச்சு செய்வதற்குக் குரல் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இதே இரண்டு அணிகள் இறுதியில் சந்தித்தன. 2023-இல் டுலூத்தில் நாங்கள் 1-0. 2024-இல் நியூ ஹாம்ப்ஷயரின் டர்ஹாமில் அவர்கள் 1-0. இரண்டு ஆண்டுகளில் இரண்டே கோல் பார்த்த இறுதி, இன்று ஒரே பிற்பகலில் ஏழு கோல் பார்த்தது.

கடைசி நிமிடம். 3-2 என்று அவர்கள் முன்னிலை. எங்கள் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரியை இறக்கியிருந்தார்கள். அவர்களின் கோல் வாயிலில் ஒரு குவியல்: நான்கைந்து பேரின் கால்களுக்கும் மட்டைகளுக்கும் நடுவில் பக் எங்கே என்று தெரியவில்லை, விசில் ஊதப்பட்டது, அவ்வளவுதான் கதை முடிந்தது என்று என் பக்கத்தில் இருந்தவர் மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போது எங்கள் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் காணொளி மறு ஆய்வு கேட்டார். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்கு எதிராக இரண்டு கோல் போட்ட அதே ஜான்சன். முகத்தில் அன்றாடம் பால் வாங்க வந்தவரின் நிதானம்.

எதைப் பார்க்கிறார்கள் என்றே எங்கள் வரிசையில் யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: கோல் வாயிலின் நீல எல்லைக்குள் பக்கைக் கையால் மூடும் உரிமை கோல்கீப்பருக்கு மட்டுமே உண்டு. தடுப்பவர்களில் வேறொருவர் மூடினால், தண்டனையாக எதிரணிக்கு ஒரு பெனால்டி ஷாட், கோல்கீப்பரை மட்டும் எதிர்கொள்ளும் வாய்ப்பு. நடுவர் தளத்தின் மையத்தைச் சுட்டிக்காட்டியபோது மணிக்காட்டியில் மீதமிருந்தது 18.9 நொடி.

கிர்ஸ்டன் சிம்ஸ் நடுக்கோட்டிலிருந்து தனியாகக் கிளம்பினார். பெல் சென்டரில் 21,000 பேர் எழுப்பும் ஓசை எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது, தம்பி. ஆனால் மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஓசையை விழுங்கினால், சறுக்குக் கத்தி பனியைச் சீவும் ஒலி தனித்துக் கேட்கும். அதை இன்று கேட்டேன். கோல். 3-3. கூடுதல் நேரத்தில் 2 நிமிடம் 49 நொடியில், மீண்டும் சிம்ஸ். எட்டாவது கோப்பை, வேறு எந்த அணியிடமும் இத்தனை இல்லை.

ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் சிலர் மறு ஆய்வின் மேல் கோபமாக இருந்தார்கள். விதி விதிதான், ஆனால் அதே விதியால் நாங்கள் தோற்றிருந்தால் இந்தக் குறிப்பு நான்கு மடங்கு நீளமாக இருந்திருக்கும்.

24 மார்ச், திங்கள்

மேடிசனுக்குக் காரில் திரும்பும் வழியில் நான்கு மணி நேரமும் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்: ஆட்டத்தின் சிறப்பை வைத்து அரங்கின் அளவை நியாயப்படுத்துகிறேனோ?

ஞாயிறன்று இரண்டு காட்சிகளைப் பார்த்தேன். ஒன்று, வாசலுக்கு வெளியே சிவப்புச் சட்டையில், சீட்டு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம்; மறுவிற்பனைத் தளம் ஒன்றில் அவர்களிடம் கேட்கப்பட்ட விலை, அவர்கள் வந்து சேர்ந்த பெட்ரோல் செலவைப் போலப் பல மடங்கு. இன்னொன்று, உள்ளே என் வரிசைக்குக் கீழே, வெள்ளிக்கிழமை அரக்கு நிறத்தில் நிறைந்திருந்த சில இருக்கைகள் இறுதிப்போட்டி முழுவதும் காலி. விற்றுத் தீர்ந்த அரங்கில் காலி இருக்கை, வெளியே சீட்டில்லாத ரசிகர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இருக்கைகள் போதாமை பாதி காரணம். இருக்கை போக வேண்டிய கைக்குப் போகாமல் இருப்பது மீதி.

அந்தப் பெரியவரும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி கழுத்தில் எங்கள் சிவப்புத் துண்டு. யார் கொடுத்தார்களோ தெரியவில்லை. பெரியவரின் முகத்தைப் பார்த்தால் அவர் வாங்கிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

25 மார்ச், செவ்வாய்

"அப்படியென்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள், அக்கா" என்கிறார் டொரண்டோத் தம்பி. பாதி வழி வந்திருக்கிறேன். மீதிப் பாதி நீங்கள் வர வேண்டும்.

நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டுலூத்தின் ஆம்சாயில், டர்ஹாமின் விட்டமோர், பென் ஸ்டேட்டின் பெகுலா ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறாயிரம் முதல் ஏழாயிரம் பேர் வரை அமரக்கூடியவை. மூன்றும் இந்தத் தொடரை நடத்திப் பழகியவை. அவற்றில் கடைசி வரிசைக்கும் பக்கின் ஓசை வந்து சேரும், சிவப்புச் சட்டைக் குடும்பத்துக்கும் இடம் இருக்கும். பதினெட்டாயிரம் பேரின் அரங்கில் ஆறாயிரம் பேர் வந்தால் தொலைக்காட்சியில் தெரிவது காலி நாற்காலிகள். மறுநாள் யாராவது ஒருவர், பார்த்தீர்களா, பெண்கள் ஹாக்கிக்கு ஆள் வருவதில்லை என்று எழுதுவார். அந்த வரியை எழுதக் காத்திருப்பவர்களுக்கு நாமே வாய்ப்பு தர வேண்டாம்.

தொழில்முறைக் கூட்டமைப்போடு ஒப்பிடுவதும் முழுக்கப் பொருந்தாது. மாண்ட்ரியாலில் 21,105 பேர் வந்த ஆட்டத்தின் தேதியும் அணிகளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. அந்த ஊர் அணியே ஆடியது, மெட்ரோ ஏறி வந்தார்கள். கல்லூரி இறுதியில் யார் ஆடுவார்கள் என்பது வெள்ளி இரவு வரைக்கும் தெரியாது. ஆகவே நான் கேட்பது மூன்று: கால் இறுதிக்கும் அரையிறுதிக்கும் இடையில் இன்னொரு வாரம், இறுதிப்போட்டிக்குத் தனிச் சீட்டு, ஆறாயிரத்துக்குக் குறையாத அரங்கு. இந்த வரிசையில்தான், முதலாவது கிடைக்காமல் மூன்றாவது கிடைத்துப் பயனில்லை.

25 மார்ச், இரவு

இன்னொரு வாரம் சேர்த்தால் ஆண்களின் மண்டலச் சுற்றோடு மோதும், தொலைக்காட்சி நேரம் கிடைக்காது என்று ஒருவர் சரியான எதிர்வாதம் வைத்திருக்கிறார். மோதும்தான். பருவத்தை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கிக் கால் இறுதியை முன்னே தள்ளலாம். பயிற்சியாளர்கள் விரும்ப மாட்டார்கள், செப்டம்பரில் மாணவியர் வகுப்புக்கே இன்னும் பழகியிருக்க மாட்டார்கள். இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை. ஆனாலும் ஆறு நாளைவிட மோசமான ஏற்பாடு ஒன்றை யாரும் இன்னும் முன்மொழியவில்லை.

29 மார்ச், சனி

அடுத்த ஆண்டு பெகுலா அரங்கு, பென் ஸ்டேட் வளாகம். கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்: ஸ்டேட் காலேஜ் என்ற அந்த ஊர் பென்சில்வேனியாவின் நட்டநடுவில் இருக்கிறது, பெரிய விமான நிலையம் எதுவும் அருகில் இல்லை, பிட்ஸ்பர்க்கில் இறங்கினாலும் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினாலும் அதற்கு மேல் சில மணி நேரம் கார்தான். அறையை இப்போதே, ரத்து செய்யக்கூடிய வகையில் பிடித்து வையுங்கள். உங்கள் அணி வராவிட்டால் விட்டுவிடலாம். டொரண்டோத் தம்பிக்கு அது எனக்கு இருப்பதைவிடப் பக்கம், ஒன்டாரியோ ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தால் போதும், ஆகவே வரவில்லை என்ற சாக்கு செல்லாது. எனக்குப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் சிவப்பு அணிந்து வாருங்கள்.